கச்சான் வேரில் கண்ட சிவப்பு

இடதுகரை, முத்தையன்கட்டு,
முல்லைத்தீவு.
04.03.2001

அன்பு மகள் மேனுகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இன்றைக்கு இதை எழுத உட்காரும்வரை நானும் அம்மாவும் தம்பி சுகிர்தனும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் சின்னவளும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். மார்கழியில் நீ போட்ட கடிதம் தைப் பொங்கலுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது, உறை இரண்டு இடத்தில் பிரித்து ஒட்டப்பட்டிருந்தது, உள்ளே ஒன்றும் குறையவில்லை. சின்னவள் பனிக்குள் நிற்கிற படத்தை அம்மா அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறார், பிள்ளையின் காது மூடவில்லை என்று தினமும் சொல்கிறார், ஆகவே காதை மூடிப் படம் எடுத்து அனுப்பவும். நீ வேலை முடிந்து இரவில் பனிப் பாதையில் கார் ஓட்டி வருவதாக எழுதியிருந்தாய், அவசரம் வேண்டாம், பிந்தி வந்தால் பரவாயில்லை. தம்பிக்கு அங்கே கல்லூரியில் இடம் எடுத்திருப்பதாகவும் அவன் வருகிறானா இல்லையா என்று சித்திரை முடிவதற்குள் தெரியவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பதிலை ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியாமல் வாசித்தால் நீ வீட்டில் யாராவது ஒருவர் மீது கோபப்படுவாய், அது அநேகமாகப் பிழையான ஆளாக இருக்கும். ஆகவே முதலில் கச்சானை, நீ புத்தகத்தில் நிலக்கடலை என்று படித்ததைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

போன ஆடியில் நீ முதல் தடவை இந்தப் பேச்சை எடுத்தபோது, இந்த முறைக் கச்சானைப் பிடுங்கிய பிறகு சொல்கிறேன் என்று அவன் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நெல் வயல் எனக்கும் அம்மாவுக்கும் போதும், தன் பெயருக்கு ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்பது அவன் எண்ணம். நம் மேட்டுக்காணியின் பின்பாதி நீ இருந்த காலத்தில் பற்றைக்காடாகக் கிடந்ததல்லவா, அதைப் போன ஆனி, ஆடியில் தனியே நின்று வெட்டி எரித்தான். பழனியாண்டி அண்ணர் மட்டும் இடைக்கிடை வந்து கைகொடுத்தார். அவர் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து நம் வேலிக்கு அப்பால் குடியிருக்கிறவர், உனக்குச் சின்ன வயதில் விளாம்பழம் உடைத்துத் தருவாரே, அவர்தான். கச்சானைத் தம்பி தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. யூரியா இந்தப் பக்கம் வருவது தடைசெய்யப்பட்டுப் பத்து வருடமாகிறது, நெல்லுக்கே இலைதழையும் மாட்டெருவும்தான். கச்சானுக்கு யூரியா தேவையில்லை. அதன் வேரில் குண்டூசித் தலை அளவில் முடிச்சுகள் வரும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் குடியிருக்கும், நீ உயிரியல் படிக்கும்போது வேர்ச்சிறுகணு என்று படம் கீறிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. செடி தன் இலையில் சமைத்த உணவில் அவற்றுக்குப் பங்கு கொடுக்கிறது, அவை காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குப் பசளையாக்கிக் கொடுக்கின்றன. யூரியா நின்ற பிறகு இதை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர் விவசாயப் போதனாசிரியர் கதிர்காமநாதன். புதுக்காணியில் அந்த நுண்ணங்கிகள் குறைவாக இருக்கும், ஆகவே பல வருடம் கச்சான் விளைந்த தோட்டத்தில் ஒரு கடகம் மண் கேட்டு வாங்கி, ஆறின கஞ்சித் தண்ணீரில் குழைத்து, விதையில் பிரட்டிப் போடுங்கள் என்று அவர்தான் பழக்கினார். இப்போது கச்சான் போடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தம்பியும் நடராசா வீட்டுத் தோட்டத்திலிருந்து மண் எடுத்து வந்தான்.

மழையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நான் பத்திரிகைக்கு இந்தப் பகுதி நிருபராக இருந்த காலம் முழுவதும் காலபோகம் என்கிற மாரிப் பயிர்க்காலத்து மழை தொடங்கியதும் நாலு வரி எழுதி அனுப்புவது வழக்கம், அது என்றைக்கும் அச்சில் வந்த செய்தி, அதனால் எனக்கு மறக்கவில்லை. முன்பெல்லாம் புரட்டாதிக் கடைசியில் முதல் மழை நிலத்தை நனைக்கும், மிஞ்சினால் ஐப்பசி முதல் வாரம். இப்போது சில வருடங்களாக ஐப்பசி நடு, ஐப்பசிக் கடைசி என்று பின்னால் போகிறது. வருகிறபோது ஒரேயடியாகக் கொட்டுகிறது. அதற்கு முந்திய வெயிலும் பழைய வெயில் இல்லை, மதியத்தில் வெறுங்காலோடு புழுதியில் நிற்க முடிவதில்லை. உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது என்றும் மழைக்காலங்கள் இடம் மாறும் என்றும் வானொலியில் சொல்கிறார்கள். எங்களுக்கு நடப்பது அதுதானா என்று உறுதியாக எழுத என்னிடம் ஆதாரம் இல்லை, இங்கே மழைமானி வைத்து அளந்தவர்கள் இடம்பெயர்ந்து போனபோது அந்தக் கணக்கும் நின்றுவிட்டது. ஆனால் கண்ணால் காண்பது அப்படித்தான் இருக்கிறது.

வன்னியில் நெல்லுக்குப் புழுதி விதைப்பு என்று இருப்பது உனக்குத் தெரியும். மழை வருமுன்பே காய்ந்த நிலத்தை உழுது விதையைப் போட்டு மூடிவிடுவது, மழை விழுந்ததும் அது தானே முளைக்கும். தம்பி கச்சானையும் அப்படித்தான் போட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. மண்ணெண்ணெயில் ஓடுகிற உழவு இயந்திரம் ஒன்றோ இரண்டோதான் இந்தப் பக்கம் இருக்கிறது, மழை விழுந்துவிட்டால் எல்லோரும் வயலுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், மேட்டுக்காணிக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் புரட்டாதிக் கடைசியில் உழுவித்து, அன்றைக்கே விதையில் மண்ணைப் பிரட்டி, பாதையோரத்திலிருந்து தொடங்கிப் போட்டுக்கொண்டு போனான். மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. மிச்சத்தை மற்றைய நாள் போடுவதாக இருந்தபோது அவனுக்கு மலேரியா வந்துவிட்டது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் வைத்திருந்தோம், நான் கூட நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மழையும் வரவில்லை. ஐப்பசி முழுவதும் வானம் வெள்ளையாகவே கிடந்தது. கார்த்திகை தொடங்கிய பிறகுதான் கொட்டியது. அந்த மழைக்கு அவன் மறுபடியும் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தான். சாக்கில் இருந்த மிச்ச விதை பழுதாகிவிடும் என்று அம்மாவும் பழனியாண்டியரின் மனைவியும் மற்றைய நாள் காலையில், நிழலில் வைத்திருந்த மிச்ச மண்ணைக் குழைத்துப் பிரட்டி, காட்டோரமாக இருந்த பின்பக்கத்துத் துண்டில் மண்வெட்டியால் கீறிப் போட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனதும் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்ததும் மட்டும்தான் எனக்குத் தெரியும். யாருக்கும் அது பெரிய விடயமாகப் படவில்லை.

எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முளைத்தது. மார்கழி நடுவில் முன்பக்கம் முழுவதும் மஞ்சளாகத் தொடங்கியது. பழனியாண்டியர் வேலியால் எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, ஒனக்கு மலேரியா விட்டுச்சு, செடிக்கு மஞ்சக்காமாலை வந்துருச்சா?" என்று கேட்டார். தம்பி அன்றைக்குச் சிரித்தான். பிறகு பிறகு சிரிக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நடராசாவின் தாயார் கண்ணூறு என்றார், வேறு ஒருவர் முந்திய வருடங்களில் விழுந்த எறிகணைச் செல்களின் மருந்து மண்ணில் ஊறியிருக்கிறது என்றார், பழனியாண்டியர் அந்தக் காரணத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அப்படியானால் வயலில் நெல் எப்படி விளைந்தது என்று கேட்டால் நெல்லுக்குச் சூடு சொரணை இல்லை என்றார். மார்கழிக் கடைசியில் புயல் மழை வேறு வந்தது, மேட்டுக்காணியில் தண்ணீர் நிற்கவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காட்டோரத்துத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது. அது பழைய மாட்டுப்பட்டி இருந்த இடம், சாணம் ஊறிய மண், பச்சையாகத்தானே இருக்கும் என்று தம்பி சொன்னான். நானும் அதை ஏற்றுக்கொண்டேன், கேட்டவர்களுக்கும் அப்படியே சொன்னேன்.

தை தொடக்கத்தில் கதிர்காமநாதன் சைக்கிளில் வந்தார். பாதையோரத்தில் நாலைந்து செடிகளைப் பிடுங்கி, வேரில் இருந்த ஒன்றிரண்டு முடிச்சுகளை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது, சிலது பச்சை நிறம். வேலை செய்கிற முடிச்சென்றால் உள்ளே இரத்தம் போலச் சிவப்பாக இருக்கும், இது வெறும் வீடு, உள்ளே ஆளில்லை என்றார். அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். மழைக்கு முளைத்ததா என்று போதனாசிரியர் கேட்டார், ஓம் என்றோம். விதைத்தது எப்போது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புழுதியில் விதைப்பது இங்கே சோறு சமைப்பது போல ஒரு காரியம், அதை யார் எடுத்துச் சொல்வார்கள். காடு எரித்து, மாதக்கணக்கில் நிழலில்லாமல் வெயிலில் வெந்த மண், இதில் உயிர் செத்துவிட்டது, திரும்ப வர வருடங்கள் செல்லும் என்று அவர் சொன்னார். தன்னிடம் கேட்டதை வைத்து அவர் சொன்னது சரிதான். அவர் போன பிறகு தம்பி சாப்பிடும்போது எங்களைப் பார்க்காமல், தான் அக்காவிடம் போவதாகச் சொன்னான். நிலமும் சரியில்லை, இங்கே நின்று தான் என்ன செய்வது என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அம்மாவின் முகத்தை நீ அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். சந்தோசம் என்று எழுத மாட்டேன், வெகுகாலம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி இருந்தது. இந்தக் கடிதம் எத்தனை கைகளுக்குள்ளால் போய்ச் சேரும் என்று தெரியாது, ஆகவே விளக்கமாக எழுதவில்லை, அவன் வயதுப் பிள்ளை உள்ள தாய்மாருக்கு இங்கே என்ன பயம் இருக்கிறது என்று உனக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் அவர் முதலில் பார்ப்பது பங்கர்க் குழியை அல்ல, அவன் எங்கே நிற்கிறான் என்று. அவன் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று போன வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர் அவர், உன்னைப் படிப்பிடம் எடுக்கச் சொல்லி என் கடிதத்தின் அடியில் எழுதியதும் அவர்தான். அவன் சொன்ன மற்றைய நாளே அவனுடைய இரண்டு நீளக் காற்சட்டைகளையும் தையல் பிரித்து மடிப்பு இறக்கித் தைத்தார். முல்லைத்தீவு மரியநேசன் மாஸ்டர் தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்காக மாசிக் கடைசியில் வவுனியா போவதாக இருந்தது, தம்பி சம்மதம் எழுதி அவர் கையில் கொடுப்பது என்றும் அவர் அங்கிருந்து உனக்கு அனுப்பிவிடுவது என்றும் ஏற்பாடாயிற்று. இடையில் சொல்லவேண்டிய மற்ற விடயங்கள்: சிவப்பி கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, எனக்கு வலது கண்ணில் கொஞ்சம் மங்கல், வாசிப்பதற்குக் குறையில்லை. விமலேஸ்வரி ரீச்சருக்கு ஓய்வு வந்துவிட்டது, ஆனால் வேறு ஆளில்லாததால் தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறார், உன்னை விசாரித்தார், நீ அவருக்குத் தனியே நாலு வரி எழுது.

மாசி பிறந்து சில நாட்களில் ஒரு மத்தியானம் அம்மா பின்பக்கத்துத் துண்டுக்குப் போனார். காய் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொஞ்சம் அவிப்பதற்காகத்தான் போனார். திரும்பி வந்து குசினிக்குள் போகாமல் நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று வலது கையை நீட்டிக் காட்டினார். பெருவிரல் நகத்தில் சிவப்பாக இருந்தது. வெட்டிப் போட்டதோ என்று கேட்டேன். இல்லை என்று முந்தானையிலிருந்து ஒரு செடியை எடுத்து வைத்தார். வேர் முழுவதும் முடிச்சு, மணி கோர்த்த மாதிரி. போதனாசிரியர் செய்தது போலப் பிளந்து பார்த்திருக்கிறார், ஒன்று இரண்டல்ல, பல செடிகளில். அதோடு இன்னொன்றும் பார்த்திருக்கிறார். மாட்டுப்பட்டி இருந்தது காட்டோரத்தில் நிற்கிற வேப்பமரத்தைச் சுற்றிய சின்ன இடத்தில் மட்டும். ஆனால் பச்சை அதற்கு இங்கால் வெகுதூரம் வந்து, ஒரு கோடு இழுத்த மாதிரி நிற்கிறது. அந்தக் கோடு தானும் பழனியாண்டியரின் மனைவியும் விதைக்கத் தொடங்கிய இடம் என்றார். அவர்கள் போட்டது எதுவோ அது மட்டும் பச்சை. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அந்த நேரம் தெரியவில்லை. ஆனால் மண் செத்த மண் இல்லை என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது. அதைத் தம்பி அறிந்தால் என்ன செய்வான் என்பதும் விளங்கியது.

அம்மா என்னிடம், "அவனிட்டைச் சொல்லாதேங்கோ" என்றார். இது நீர் கண்டுபிடித்தது, சொல்வதும் விடுவதும் உம்முடைய பொறுப்பு, நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவன் நேரே கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றேன். நீங்கள் இப்படித்தான் எல்லாத்திலும் ஒதுங்கி நிற்கிற ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயமான பேச்சு. பிறகு வந்த நாட்களில் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். அம்மா பின்பக்கத்துக் கச்சானைத் தானே பிடுங்குவதாகச் சொல்லி அவனை அங்கே போகவிடவில்லை. பிடுங்கவும் இல்லை. இரண்டு முறை கடகத்தை எடுத்துக்கொண்டு வேலிவரை போய்த் திரும்பி வந்தார். தைத்து மடித்து வைத்த காற்சட்டையை மறுபடி எடுத்துப் பார்த்து மறுபடி மடித்தார். தம்பி முன்பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், கோதுக்குள் பருப்பில்லை, கைநிறையப் பிடித்தாலும் பஞ்சு போலத்தான் இருந்தது. பழனியாண்டியரின் பேரப்பிள்ளைகள் அதை ஊதி ஊதிச் சத்தம் கேட்டு விளையாடினார்கள். அவன் வேலை செய்கிற விதத்தில் கோபம் இருக்கவில்லை. பிணம் தூக்குகிறவர்களிடம் ஒரு அமைதி இருக்குமே, அது இருந்தது. அதைத்தான் அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மரியநேசன் மாஸ்டர் புறப்படுவதற்கு முந்திய நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தம்பி தன் சம்மதத்தை எழுதி மேசையில் வைத்திருந்தான். அம்மா சோற்றைப் போட்டார், கறியை விட்டார், அவன் இரண்டு பிடி சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "பின்பக்கம் நல்லாயிருக்கு. மாட்டெருவில்லை. முடிச்செல்லாம் சிவப்பு. நான் போட்ட இடம் மட்டும்தான் அப்பிடி. எனக்கு இது தெரிஞ்சு கன நாள்."

தம்பி கையை உதறாமல் அப்படியே இருந்து, ஏன் அம்மா சொல்லேல்லை என்று கேட்டான். நீ போகவேணும் எண்டுதான் என்றார். ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அவன் எழும்பப் போனான், அவர் தோளில் கை வைத்து இருத்தினார். அடுத்து அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: "போறதெண்டாப் போ. நான் மறிக்கேல்லை, எனக்கு நீ போறதுதான் விருப்பம். ஆனா உனக்கு ஒண்டும் விளையாது எண்டு நினைச்சுக்கொண்டு போகாதை. அது பொய். அந்தப் பொய்யைச் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. சாப்பிட்டுட்டுப் போய்ப் பார்."

அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். திரும்பி வரும்போது ஒரு கட்டுச் செடியோடு வந்தான், காய் நிறைந்த செடிகள், வேரை வாளித் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பார்த்தான். அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கதிர்காமநாதனைக் கூட்டி வந்தான். மரியநேசன் மாஸ்டருக்கும் சொல்லி அனுப்பினான், அவருக்குப் பயண அனுமதி எப்படியும் சில நாள் பிந்தியது, அதனால்தான் இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. கதிர்காமநாதன் காட்டோரத்தில் முழங்கால் ஊன்றி இருந்து, முன்பக்கத்து வேரையும் பின்பக்கத்து வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அப்போதுதான் எது எப்போது விதைத்தது என்று கேட்டார். புழுதியில் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது என்று தம்பி சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "விதை புழுதிக்கை ஒரு மாதம் கிடக்கும் தம்பி, அதுக்குத் தோலிருக்கு. அதிலை ஒட்டினதுக்கு என்ன இருக்கு? வெந்து போச்சு. மழை வர விதை எழும்பிச்சுது, கூட்டாளி எழும்பேல்லை" என்றார். முன்பு மழை ஒழுங்காக வந்த காலத்தில் புழுதி விதைப்பில் விதைக்கும் மழைக்கும் இடையில் கொஞ்ச நாள்தான், அந்த வெயிலும் இவ்வளவு இல்லை, அதைத் தாங்கிக்கொள்ளும், இனி அந்தக் கணக்கு சரிவராது என்று சொன்னார். தான் முன்பு மண் செத்துவிட்டது என்று சொன்னதைத் திருத்திக்கொண்டார், ஆனால் இன்னொன்றும் சொன்னார், அதையும் நான் விடாமல் எழுதவேண்டும். ஒரு போகத்தை வைத்துத் துள்ள வேண்டாம், மழை இன்னும் பின்னால் போனால், முளைத்த பிறகு வெயில் ஏறினால், முடிச்சுக்குள் இருக்கிறதும் சாகும், செடியும் அதுவும் ஒன்றையொன்று சந்திக்கிற காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். மழை விழுந்த பிறகு போடுவதானால் உழவு இயந்திரம் இல்லாமல் எப்படிப் போடுவது, முதலே உழுது இலைதழையால் மூடாக்குப் போட்டு வைத்தால் மண் சூடேறாதா, விதையில் பிரட்டுகிற மண்ணை நிழலில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டான். மலேரியா வந்த பிறகு அவன் இவ்வளவு கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இருட்டும்போது அவன் மேசையில் இருந்த தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அம்மா அடுப்படியில் நின்றார். "அடுத்த காலபோகம் முடியுமட்டும் நிக்கிறன் அம்மா. மழைக்குப் பிறகு போட்டுப் பாக்கிறன்" என்றான். குளித்துவிட்டு வா, தலை முழுக்க மண் என்று மட்டும் சொன்னார்.

ஆகவே மகள், இந்த முறை அவன் வரவில்லை. நீ சிரமப்பட்டு எடுத்த இடம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், தனியே உனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தைப் பின்போட முடியுமா என்று கேட்டுப்பார், முடியாவிட்டால் விட்டுவிடு. நான் அவன் நின்றதில் மகிழ்கிறேனா என்று நீ கேட்பாய். தெரியவில்லை. நின்றதற்கும் போவதற்கும் சொல்லக்கூடிய நியாயங்கள் என்னிடம் சம அளவில் இருக்கின்றன, எந்த நாள் எதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவைப் பற்றித்தான் எழுதவேண்டும். பின்பக்கத்துக் கச்சானை எல்லோருமாகப் பிடுங்கி முடித்துவிட்டோம், நல்ல விளைச்சல், விதைக்கு வேண்டியதை அம்மாவே பொறுக்கி எடுத்துக் காயவைத்திருக்கிறார், ஒவ்வொன்றாக, கோது வெடித்ததை ஒதுக்கி. பகலில் ஒரு குறையுமில்லை. இரவில் நித்திரை குறைவு. இந்தக் கடிதத்தின் அடியில் தன் பங்குக்கு எழுதச் சொன்னேன், எழுத ஒன்றுமில்லை என்றார். பிள்ளையைச் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தாதே. மருமகனை நாங்கள் மிகவும் கேட்டதாகச் சொல். சின்னவளுக்குத் தமிழில் பேசு, அவள் விளங்காத மாதிரி நின்றாலும் பேசு. உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் கண்ணகி அம்மன் துணை நிற்கட்டும். கடைசியாக ஒன்று, இதை மறக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் வைத்திரு. நாளைக்கு இங்கே நல்லதே நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லாமல் தம்பிக்கு ஏதும் ஆகிவிட்டால், அம்மா தன் வாயால்தான் எல்லாம் வந்தது என்று சொல்லுவார், வேறு யார் சொல்லும் அவருக்கு ஏறாது, நான் அந்த நேரம் இருப்பேனோ தெரியாது. அப்போது நீ இதை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டு. அவர் என்ன சொன்னார், என்ன விருப்பத்தோடு சொன்னார், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நாள் எடுத்தது என்பதை நடந்தபடி எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொண்டு இருந்தவன் நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
க. தில்லைநாதன்